எண்ண விடாத லடாக் அண்ணன்

தலையை எண்ணினால் அடிக்க வரும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லடாக் அண்ணன். தேங்காய்த்திட்டில் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் பாளம் இழுப்பவர். வாலிபத்தில் லடாக் மலையில் ரோடு போடப் போய் வந்ததால் அந்தப் பெயர்.

காலையில் மேஸ்திரி எங்களை நிற்கவைத்து, "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பிப்பார். உடனே அண்ணன் கத்துவார்: "நிக்காதீங்கடா! சுத்துங்கடா!" நாங்களும் செக்குமாடு மாதிரி சுத்துவோம். மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா, "வீட்ல எத்தன பேருங்க?" என்று கேட்டார். "இருக்கறவங்க இருக்கறோம், போம்மா" என்று கதவைச் சாத்தினார் அண்ணன். மகள் கல்யாணத்தில் எத்தனை பேருக்குச் சமைப்பது என்று சமையல்காரர் கேட்டதற்கு, "வர்றவங்களுக்கு" என்றார். மூன்று நாள் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்க சாம்பார் சாதம். "இந்த மனுசன அந்த மலையே வச்சிக்கினு இருக்கக் கூடாதா!" என்று அண்ணி அழுதார்.

காரணம் கேட்டால் ஒரு பேய்க்கதை சொல்வார்.

"அங்க பனியில செத்தவனுக்குச் செத்ததே தெரியாதுடா. குளிர் தாங்காம நெருப்பு பக்கமா வந்து நம்மளோட குந்திக்குவான். பாவம், ஒண்ணும் பண்ண மாட்டான். ஆனா எண்ணுனா, அவன் தலயும் சேந்துக்கும்."

"அவனுக்கும் ஒரு டீ சொல்லவாண்ணா?" என்று எல்லாரும் சிரிப்பார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மதியம். ஐஸ் வாங்க ஆளில்லை. கம்பெனியில் நாங்கள் ரெண்டு பேர்தான். நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். அதனால்தானோ என்னவோ, அவராகவே சொன்னார்.

"பன்னெண்டு பேரா மல மேல போனோம். குருசுக்குப்பம் மாரியும் இருந்தான். நாந்தான் அவன வேலைக்கு இட்டுக்கினு போனவன். திடீர்னு பனி சரிஞ்சுது. கண்ணு தெரியாத காத்து. 'எல்லாரும் இருக்காங்களா, எண்ணு'ன்னாரு ஆபீசர். எண்ணுனேன். என்னையும் சேத்து பன்னெண்டு தல. எறங்கிட்டோம். கூடாரத்துக்கு வந்து பாத்தா மாரி இல்ல. அதுக்குள்ள வழி மூடிக்கிச்சு."

என் பக்கமாகத் திரும்பினார்.

"தப்பா எண்ணிட்டனா தம்பி? நீ சொல்லு."

நான் நாலாங்கிளாஸ் வரைதான் படித்தவன். பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை. "சரியாத்தாண்ணா எண்ணியிருக்கீங்க. பனியில செத்தவன் ஒருத்தன் குளிருக்கு வந்து நின்னிருப்பான்" என்றேன்.

"ஆமா, இல்ல?" என்றார் அண்ணன். பிறகு இன்னொரு முறையும் கேட்டார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சாமி கும்பிடும்போதெல்லாம், அந்த மலையில் அந்த ஒரு பேய் மட்டும் நிஜமாகவே இருந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.