வித்தியாசம்: பூச்சியம்

மூத்தவளின் வீட்டில் பதினொரு யன்னல். அடுத்தவளின் வீட்டில் பத்து.

மசூர் இரண்டு பிளானையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து, பென்சில் முனையால் ஒவ்வொரு யன்னலாகத் தொட்டு நான்காவது தடவையும் எண்ணினான். பதினொன்று. பத்து. தான் எண்ணியதில்தான் பிழை இருக்க வேண்டும் என்று நம்ப அவனுக்கு மிகவும் ஆசையாக இருந்தது. அந்த ஆசை நிறைவேறவில்லை.

"மத்த யன்னல் எங்க போன, தம்பி?" என்றார் சீனிமுகம்மது ஹாஜியார்.

"எங்கயும் போகல்ல ஹாஜியார். ரோஜாவுக்குப் பதினொண்டு, மல்லிகைக்குப் பத்து. பிளானே அப்பிடித்தான்."

"ரோஜாவும் மல்லிகையும் வச்சி நான் பூக்கட போடல்ல. ரெண்டு மகளுக்கு ரெண்டு வீடு கட்டுறன். மகள்மாருக்கு இடையில ஒரு அங்குலம் கூடக் குறைய வச்சனெண்டா மறுமையில நான்தான் பதில் சொல்லோணும். நீ வந்து சொல்லுவியா?"

மசூர் இல்லையென்று தலையாட்டினான்.

கல்முனைக்குத் தெற்கே, கடற்காற்று நேராக வந்து மோதும் இடத்தில், நூர் நகர் எழும்பிக்கொண்டிருந்த 1981ஆம் ஆண்டு அது. வீட்டுக்கொன்றாக இருபத்துநான்கு வளவுகள், தார் போட்ட ஒழுங்கைகள், ஒரே உயரத்தில் மதில்கள், மாடுகள் உள்ளே வரக்கூடாதென்று ஒரு பலகை. கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் ஒருவர் மூன்று மாதிரி வீடுகள் வரைந்து கொடுத்திருந்தார்: ரோஜா, மல்லிகை, தாமரை. சவூதியில் உழைத்தவர்களும் நெல் ஆலைக்காரர்களும் சந்தித்தால், ரோஜா திறமா தாமரை திறமா என்பதுதான் பேச்சு.

நூர் நகர் நிறுவனத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. அடுத்தடுத்த வளவுகளில் ஒரே மாதிரி வீடு வரக்கூடாது. தெரு அழகு கெட்டுவிடும்.

ஊருக்கும் ஒரு சட்டம் இருந்தது. வீடு பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். ராத்தா வீடும் தங்கச்சி வீடும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கதை பேரப்பிள்ளைகள் காலம்வரை ஓடும்.

ஹாஜியார் வாங்கியிருந்தது ஒன்பதாம் வளவும் பத்தாம் வளவும். இரண்டு சட்டங்களும் வந்து முட்டிக்கொண்டது மசூரின் தலையில்.

மசூர் மாலை வகுப்பில் படம் வரையப் படித்துக்கொண்டே, வீடு கட்டும் கொந்தராத்துக்காரரிடம் ஆறு மாதத் தவணையில் வேலைக்குச் சேர்ந்தவன். "ரெண்டு கலியாணமும் ஒரே நாள்ல," என்று கொந்தராத்துக்காரர் சொல்லியிருந்தார். "அதுக்கு முந்தி வீடு முடியோணும். ஹாஜியார் வாயால திருப்தி எண்டு வரோணும். வராட்டி நீ மருதமுனைக்குப் போய் வாப்பாட தறியில குந்து."

தறியில் குந்துவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவன் நெய்த ஒரே சாரத்தை வாங்கியவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

எனவே மசூர் ஒரு கொப்பி வாங்கினான். பக்கத்துக்குப் பக்கம் மூன்று பத்தி கோடிட்டான். முதல் பத்தி மூத்தவள் ஸகியா வீடு. இரண்டாம் பத்தி அடுத்தவள் சுஹறா வீடு. மூன்றாம் பத்தி வித்தியாசம். அந்த மூன்றாம் பத்தி முழுவதும் பூச்சியமாக வேண்டும்.

மாலையில் வகுப்புக்குப் போகும் வழியில் ஹாஜியாரின் பழைய வீட்டில் இறங்கி முன்னேற்றம் சொல்வது ஏற்பாடு. எழுபத்தெட்டுச் சூறாவளியில் பறந்த ஓடுகளுக்குப் பதிலாகத் தகரம் போட்ட வீடு அது. மழை பெய்தால் கூடத்தின் நடுவில் ஒரு பேசின் வந்து உட்காரும்.

கலியாணம் பேசிய பெண்கள் அன்னிய ஆணுக்கு முன் வரமாட்டார்கள். அவர்களுடைய குறைகளெல்லாம் கடைசி மகள் சுல்பிகா வழியாக, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வரும். முதலில் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு கை வரும். பிறகு குறை வரும்.

"ராத்தாமாரே சொல்லலாமே, தங்கச்சி?" என்று மசூர் முதல் நாளே கேட்டுப் பார்த்தான்.

"அவங்களுக்குக் குரலக் காட்டவும் வெக்கமாம், மசூர் காக்கா."

மகள்மாரோடு சீதனக் கதை கதைப்பது ஹாஜியாருக்குக் கௌரவக் குறைவு. சுல்பிகா சொல்வதை அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி கேட்டு, மசூரைப் பார்த்துக் கையை அசைப்பார். செய் என்று அர்த்தம்.

ஒரு நாள் நிறுவனத்தின் முகாமையாளர் அங்கு வந்திருந்தார். "பதினோராம் வளவு சும்மா கிடக்கு, ஹாஜியார். மூண்டையும் சேத்து எடுத்தா வரிசையா இரிக்கும்."

"வேணாம். கடைசி மகளுக்கு இந்த வீடுதான். அது எப்பயோ முடிஞ்ச கத. இந்த வீட்டுக்கு என்ன குற?"

டொக், என்று பேசினில் ஒரு துளி விழுந்தது.

யன்னல் பிரச்சினையை மசூர் சுலபமாகத்தான் தீர்த்தான். சுஹறாவின் படுக்கையறைச் சுவரில் ஒரு யன்னல் கூட்டினான். கொப்பியில் பதினொன்று, பதினொன்று, பூச்சியம்.

அடுத்த நாள் கோப்பை வந்தது. குறையும் வந்தது.

"அந்தச் சுவர்லதான் சின்ன ராத்தா அலுமாரி வைக்க நினைச்சிருந்தாவாம். இப்ப அலுமாரிய எங்க வைக்கிற எண்டு கேக்கிறா."

சுவருக்குள்ளேயே அலுமாரி கட்டலாம் என்றான் மசூர். கட்டியாயிற்று.

"மூத்த ராத்தாக்குச் சுவர் அலுமாரி இல்லயாம்."

அங்கும் கட்டியாயிற்று.

"கீழ் ரெண்டு தட்டும் புத்தகம் அடுக்கிற உயரத்துக்கு வேணுமாம். ரெண்டு வீட்டிலயும்."

ஹாஜியார் கதிரையிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆருக்கு, ஸகியாக்கா? கணக்குப் புத்தகத்தக் கொண்டுபோய்க் கிணத்துல போட்ட புள்ளயல்லவா அது?"

"இப்ப அறிவு வந்திட்டாம், வாப்பா."

ஹாஜியார் கையை அசைத்தார்.

சுவர் அலுமாரி ஸகியா வீட்டுக் கூடத்தில் பதினான்கு அங்குலத்தைத் தின்றுவிட்டது. கூடத்தை விறாந்தைப் பக்கம் தள்ளினான். விறாந்தை சுருங்கியது. விறாந்தையை ஒழுங்கைப் பக்கம் தள்ளினான். முகாமையாளர் டேப்போடு வந்து, மதிலுக்கும் வீட்டுக்கும் இடையில் இருபதடி இல்லை, இடி என்றார்.

சொறிக்கல்முனையிலிருந்து வரும் சின்னப்போடி மேசன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு மசூரை ஏறிட்டுப் பார்த்தார். "தம்பி, இந்தச் சுவர நான் கட்டின நாளவிட இடிச்ச நாள் கூட. இனி என்னை மேசன் எண்டு கூப்பிடாத."

"என்ட அளவு பிழைச்சிட்டு, அண்ணே."

பிழை டேப்பில் இருக்குமோ என்று மசூருக்குச் சந்தேகம் வந்தது. இன்னொரு டேப் வாங்கி இரண்டையும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தான். அரைக்கால் அங்குலம் வித்தியாசம். எந்த டேப் சரியானது என்று பார்க்க மூன்றாவது டேப் வாங்கப் போனவனைச் சின்னப்போடி சாரத்தில் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

கலியாணத்துக்கு ஏழு கிழமை இருந்தது. கொப்பியின் மூன்றாம் பத்தியில் பூச்சியத்தைவிட மற்ற எண்களே அதிகம்.

அன்று மாலை வகுப்பில் ஒரு மாணவன் தன் படத்தை ஆசிரியரிடம் நீட்டினான். மெல்லிய படத்தாள். ஆசிரியர் அதைப் பின்புறமாகப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "என்னடாப்பா, வாசல் இந்தப் பக்கமா வந்திட்டு?" என்றார்.

வகுப்பு சிரித்தது. மசூர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான். தான் எழுந்து நிற்கிறோம் என்று தெரிந்ததும் உட்கார்ந்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மேசனிடம் ஓடினான்.

"அண்ணே, மல்லிகைய விடுவம். ரோஜாவையே ரெண்டு வளவிலயும் கட்டுவம். ஆனா ரெண்டாவதுக்குத் தாளைத் திருப்பிப் போடுவம். கண்ணாடியில பாக்கிற மாதிரி. இடது வலதாகும், அளவு ஒண்டும் மாறாது!"

சின்னப்போடி தாடையைத் தடவினார். முஸ்லிம் வீடுகள் கட்டி அவருக்கு இருபது வருட அனுபவம்; மேற்கே தொழுகைத் திசையைக் கக்கூஸ் பார்க்கக்கூடாதென்று தெரியும். "கக்கூஸ் கிப்லாவப் பாக்குமே தம்பி, யோசிச்சியா?"

மசூர் திசைகளை விரலால் குறித்துப் பார்த்தான். தாளைத் திருப்பினான். மறுபடி திருப்பினான். "இல்ல அண்ணே! அது வடக்கப் பாத்தது. கிழக்கும் மேற்கும்தான் மாறும். வடக்கு வடக்காத்தான் இரிக்கும்!"

"அப்ப சரி. சம்மட்டிய எடுக்கிறன். கடைசித் தடவ."

முகாமையாளர் இரண்டு படங்களையும் அரை மணித்தியாலம் ஒப்பிட்டுப் பார்த்தார். "இப்பதான் வடிவு. இதுல வாசல் இடப்பக்கம், அதுல வலப்பக்கம். ரெண்டும் ரெண்டு மாதிரி," என்று முத்திரை குத்தினார். அதே இரண்டு படங்களையும் ஹாஜியார் ஒப்பிட்டுப் பார்த்தார். "இப்பதான் நீதி. ரெண்டும் ஒண்டு," என்றார்.

மசூர் வாழ்க்கையில் முதன்முறையாக, தான் கெட்டிக்காரனாக இருக்கக்கூடுமோ என்று சந்தேகப்பட்டான்.

கோப்பை வந்தது.

"திருப்பினதில சின்ன ராத்தாட குசினி கடல் பக்கமா வந்திட்டாம். கடக்காத்து அடிச்சா அடுப்புப் புக முழுக்க வீட்டுக்குள்ளதான் போகுமாம்."

அது உண்மை. சந்தேகம் கலைந்து, தான் மடையன்தான் என்ற பழைய உறுதி மசூருக்குத் திரும்பியது. சுஹறா வீட்டுக் குசினிக்குக் கூரைக்கு மேல் ஆறடி உயரப் புகைபோக்கி எழும்பியது. ஸகியா வீட்டுக் குசினி காற்றுக்கு மறைவான பக்கம். அதற்குப் புகைபோக்கியே தேவையில்லை. ஆனாலும் எழும்பியது.

"பின் அறை யன்னலடியில மேச விளக்குக்கு ஒரு பிளக்கும் வேணுமாம். ரெண்டு பேருக்கும்."

"மேச விளக்கு என்னத்துக்கு?" என்றார் ஹாஜியார்.

"தைக்கிறதுக்காம், வாப்பா."

கை அசைந்தது.

பிளக் வந்தது. புத்தகத் தட்டுகளுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. கடைசி நேரத்தில் ஹாஜியாரே ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்: ஒன்பதாம் வளவில் நான்கு தென்னை, பத்தாம் வளவில் மூன்று. மசூர் ஒரு தென்னம்பிள்ளையைத் தோளில் சுமந்து வந்து நட்டான். அது முழங்கால் உயரம்தான் இருந்தது. கொப்பியில் "நான்கு, நான்கு, பூச்சியம் (இன்ஷா அல்லாஹ்)" என்று எழுதினான்.

கலியாணம் நடந்தது. மூன்றாம் நாள் புது வீடுகளில் விருந்து. இரண்டு வளவையும் சேர்த்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சோற்றுக்கு முந்தி வீட்டைத்தான் தின்றார்கள். இங்கே தட்டிப் பார்த்தார்கள், அங்கே திறந்து பார்த்தார்கள், ஒரு மாமி யன்னல்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றி வந்தாள். பதினொன்று. பக்கத்து வளவுக்கு நடந்தாள். பதினொன்று. வாயை மூடிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தாள்.

ஹாஜியார் பந்தல் நடுவில் எழுந்து நின்றார். "தம்பி மசூர்! அந்தக் கொப்பியில மூண்டாவது பத்திய வாசி. எல்லாருக்கும் கேக்கிறாப்போல."

மசூர் கொப்பியை விரித்து வாசித்தான். "யன்னல், பூச்சியம். கூடம், பூச்சியம். விறாந்தை, பூச்சியம்..." நூற்றுப்பன்னிரண்டு வரிகள். நாற்பதாவது வரியிலிருந்து பந்தலே அவனோடு சேர்ந்து சொல்லத் தொடங்கியது. "பூச்சியம்!" மூலையிலிருந்து எல்லோரையும் மிஞ்சி ஒலித்த குரல் சின்னப்போடியுடையது.

"கேட்டீங்களா?" ஹாஜியார் பள்ளி இமாமைப் பார்த்தார், சம்பந்திகளைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். "என்ட மகள்மாருக்கு இடையில நான் ஒரு அங்குலம் வித்தியாசம் வைக்க மாட்டன். அல்லாஹ்வச் சாட்சி வச்சிச் சொல்றன்!"

இமாம் கையேந்தினார். ஊர் ஆமீன் சொன்னது. கொந்தராத்துக்காரர் வந்து மசூரின் தோளில் தட்டினார். "நாளையில இருந்து நிரந்தரம். பதினாலாம் வளவுக்காரரும் இருபதாம் வளவுக்காரரும் தங்கட வீட்டுக்கும் தாளைத் திருப்பிப் போடச் சொல்லி நிக்கிறாங்க."

மசூர் உள்வாசல் பக்கம் போய், நிலையில் சாய்ந்து மூச்சு விட்டான். கலியாணம் முடிந்துவிட்டதால் பழைய கட்டுப்பாடு தளர்ந்திருந்தது; முக்காட்டைச் சரிசெய்தபடி ஸகியாவும் சுஹறாவும் வாசலுக்கு வந்தார்கள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர்களின் குரலைக் கேட்டான்.

"வீடு நல்லா இரிக்கி, தம்பி. அல்லாஹ் ஒங்களுக்குப் பரக்கத்துச் செய்யட்டும்," என்றாள் ஸகியா.

"புத்தகத் தட்டு நீங்க கேட்ட உயரம்தானே, ராத்தா?"

"புத்தகமா? நானா கேட்டன்?" ஸகியா தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். "வாப்பா என்ன குடுத்தாலும் சரி எண்டு சொல்லிட்டு நான் பேசாம இருந்தன்."

மசூர் சுஹறாவைப் பார்த்தான். "அப்ப புகைபோக்கி? மேச விளக்குப் பிளக்?"

"எனக்குத் தைக்கவே தெரியாதே, தம்பி," என்றாள் சுஹறா.

திரைச்சீலை அசைந்தது. வழக்கம்போல முதலில் கோப்பையோடு ஒரு கை வந்தது.

"மசூர் காக்கா, பதினோராம் வளவில மிஞ்சிக் கிடக்கிற மண்ண அள்ள வேணாமெண்டு மேசனிட்டச் சொல்லுங்க," என்றாள் சுல்பிகா. "வாப்பாக்கு மகள்மார் மூண்டு பேர்; ஒரு அங்குலம் வித்தியாசம் வைக்க மாட்டனெண்டு ஊருக்கு முன்னாலதானே சொன்னாரு. அந்த மூண்டாவது பத்தியில பூச்சியத்த எல்லாம் அழிச்சிட்டு, இனி என்ட வீட்ட எழுதுங்க."