காப்பிக் களத்தில் ஓர் ஆயில் சர்வீஸ்

ஒரு வேலையைச் செல்போனில் மூன்று முறை பார்த்துவிட்டால் அது நமக்குத் தெரிந்த வேலையாகிவிடும் என்று நம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த வீடியோவில் வந்த ஆள் வெள்ளை பனியன் போட்டிருந்தான். பனியனில் ஒரு சொட்டுக் கறை படாமல் பெரிய டீசல் வண்டியின் இன்ஜின் ஆயிலை அரை மணி நேரத்தில் மாற்றிக் காட்டினான். கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு, "அவ்வளவுதாங்க, சிம்பிள்!" என்று சிரித்தான். அவன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். (என் கையில் மட்டும் கிடைக்காமல் இருக்கட்டும்.)

நான் ஏற்காட்டில் கணக்கு வாத்தியார். வாழவந்தி போகும் வழியில் வீடு. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காப்பி. வாத்தியாருக்கு எதற்கு ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி என்று கேட்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. மலைக்கு அதுதான் சரி என்று எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அதைச் சேலத்துக்குச் சர்வீஸுக்கு இறக்கும்போது அங்கிருக்கும் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கி, "சார், கிளட்ச்சுல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுவீங்களோ?" என்பான். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இருபது வருஷமாக ஏறி இறங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? அடுத்த முறை ஆயிலை நானே மாற்றிக்கொள்வேன் என்று அன்றைக்கே சபதம் எடுத்தேன். ரோஷம் வந்தால் எனக்குப் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும்.

காப்பி முழுக்க என் மனைவி பூங்கொடியின் பொறுப்பு. எங்கள் காப்பி ஊரிலிருக்கிற எல்லோருடைய காப்பியோடும் கலந்து, பேரும் ஊரும் இல்லாமல் மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம்தான் கோயம்புத்தூரில் காப்பி வறுத்து விற்கும் ஒரு பெண், ரம்யா என்று பெயர், பூங்கொடியைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தாள். நன்றாகப் பழுத்த பழத்தை மட்டும் பறித்து, தோலோடு நிதானமாகக் காயவைத்துக் கொடுத்தால், வருஷா வருஷம் தானே வாங்கிக்கொண்டு, பையின் மேல் பூங்கொடியின் பெயரைப் போட்டே விற்பதாகச் சொன்னாள். பூங்கொடி இதை என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சு கிடையாது. சிவந்த பழமாக ஒவ்வொன்றாகத் தானே பறித்தாள். களத்தில் பரப்பி, மணிக்கு ஒரு தரம் பலகையால் கிளறினாள். பனி இறங்குவதற்கு முன்னால் தார்ப்பாய் போட்டு மூடினாள். காய்கிற காப்பி பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், களத்துப் பக்கம் யாரும் பீடி குடிக்கக்கூடாது, மீன் கழுவக்கூடாது என்று சட்டம் வேறு. ரம்யா பார்க்க வருவதாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு.

நான் ஆயில் மாற்ற உட்கார்ந்தது அதே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.

"ஏனுங்க, அந்தப் பொண்ணு வந்துட்டுப் போயிரட்டுமே. அப்பறமா வண்டியப் பாருங்களேன்" என்றாள் பூங்கொடி.

"அரை மணி நேர வேலை. பத்தரைக்குக் குளிச்சிட்டு வந்துருவேன்" என்றேன்.

வீடியோக்காரன் முதலில் சொன்னது, வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும் என்பது. அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். எங்கள் மலையில் சமதரைக்கு எங்கே போவது? வாசல் சரிவு, ரோடு சரிவு, கோழிக்கூடு கூடச் சரிவு. எங்களிடம் இருந்த ஒரே சமதரை காப்பிக் களம்தான். அதில் கிழக்குப் பாதியில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. மேற்குப் பாதி காலி. அங்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். களம் சமதரை கிடையாது. மழைத் தண்ணீர் நிற்கக்கூடாது என்று மேற்கிலிருந்து கிழக்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாட்டம் வைத்துத்தான் களம் போடுவார்கள். சிமெண்ட் பூசிய அன்று மட்டப்பலகையை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வாட்டம் குடுங்க" என்று கொத்தனாரின் உயிரை வாங்கியது வேறு யாருமல்ல, நான்தான்.

அடுத்தது, வடிகிற ஆயிலைப் பிடிக்க ஒரு பாத்திரம். என் வண்டியில் ஆறரை லிட்டர் ஆயில் இருக்கும். வண்டிக்கடியில் நுழைகிற மாதிரி தட்டையான பிளாஸ்டிக் பேசன் ஒன்று கிடைத்தது. கணக்கு வாத்தியார் சும்மா விடுவானா? அளந்து பார்த்தேன். குறுக்களவு இருபத்தெட்டு சென்டிமீட்டர், உயரம் எட்டு. பை ஆர் ஸ்கொயர் ஹெச். இருபது லிட்டர் பிடிக்கும் என்று வந்தது. திருப்தியாக இருந்தது. ஆரம் போட வேண்டிய இடத்தில் விட்டத்தைப் போட்டிருந்தேன். இந்தத் தப்புக்காக ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேரை பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்! பேசன் உண்மையில் பிடிப்பது ஐந்து லிட்டர்கூட இல்லை.

ஆயில் சூடாக இருந்தால் சுலபமாக வடியும் என்றும் சொல்லியிருந்தான். அதனால் ஏரி வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, அடியில் மல்லாந்து படுத்து, ஆயில் ஓட்டையை அடைத்திருந்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். அசையவில்லை. தம் கட்டி இழுத்தேன். அசையவில்லை. ஸ்பேனரோடு ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, சேலத்து மெக்கானிக்கின் முகத்தை நினைத்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தேன். இளகியது. கையால் திருகினேன். கடைசி மரை கழன்ற நொடியில் போல்ட் கையிலிருந்து நழுவிப் பேசனுக்குள் விழுந்தது. பின்னாலேயே ஆயில் வந்தது.

வீடியோவில் அது தேன் மாதிரி நேராக ஒழுகியது. எனக்கு அப்படி வரவில்லை. பக்கவாட்டில் பீய்ச்சியடித்து, முதல் அரை லிட்டர் பேசனைத் தாண்டிக் களத்தில் விழுந்தது. பேசனை நகர்த்தினேன். மூக்குக்கண்ணாடி முழுக்கக் கறுப்பு. கையில் சுட்ட சூட்டுக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. (எங்கள் பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பார்கள்.) இருபது லிட்டர் பேசன் ஒரு நிமிஷத்தில் நிரம்பியது. ஆயில் மட்டும் வந்துகொண்டே இருந்தது. போல்ட்டோ பேசனுக்குள்ளே, கொதிக்கிற ஆயிலின் அடியில் கிடந்தது. அழுக்குத் துணியைச் சுருட்டி ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருந்தேன். கையை எடுத்தால் ஆயில் கொட்டும், எடுக்காவிட்டால் கை வேகும்.

அப்போதுதான் தலையைத் திருப்பினேன். கண்ணாடியில் கறுப்பு படாத ஒரு மூலை வழியாகப் பார்த்தால், சிமெண்ட் மேல் ஒரு கறுப்பு நாக்கு நிதானமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நான் கேட்டு வாங்கிய வாட்டம் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

"பூங்கொடீ!" என்று கத்தினேன். உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு எங்கே கேட்கும்?

துணியை விட்டுவிட்டு உருண்டு வெளியே வந்தேன். நேராகக் கிளறுகிற பலகையை எடுத்து ஆயிலுக்குக் குறுக்கே வைத்துத் தடுத்தேன். பலகையைச் சுற்றிக்கொண்டு அது இரண்டு பக்கமும் ஓடியது. சரி, ஆயிலைத் தடுக்க முடியாது, காப்பியையாவது தள்ளிவிடுவோம் என்று அதே பலகையால் காப்பியை வேகவேகமாக இழுத்து ஒதுக்கினேன். இந்த மூலைக்கு ஓடினேன், அந்த மூலைக்கு ஓடினேன். ஆயில் தானாகப் போயிருந்தால் ஓரத்தில் ஒரு முழம் காப்பிதான் கெட்டிருக்கும். நான் காப்பாற்றப் போய்க் களம் முழுக்கப் பூசிவிட்டேன்.

கிரைண்டர் நின்றது. மாவுக் கையோடு பூங்கொடி வந்து நின்றாள்.

"ஏனுங்க... என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சந்தான்" என்றேன். என் கையில் இருந்த பலகையிலிருந்து ஆயில் காப்பி மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் என்னிடமிருந்து பலகையை வாங்கித் தூர வைத்தாள். உட்கார்ந்து, கறுப்பு படாத பழமாகப் பார்த்து முறத்தில் பொறுக்க ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். என் கையைப் பார்த்தாள். எழுந்து தள்ளி நின்றுகொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து வெள்ளையண்ணன் எட்டிப் பார்த்து, "ஏனுங் வாத்தியாரே, தீவாளிக்கு இன்னும் நாளு கெடக்குதே. அதுக்குள்ள காப்பிக்கு எண்ணெ தேச்சு உட்டுட்டீங்களா?" என்றார். மனுஷனுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை.

மூன்று மணிக்குச் சொன்னபடி ரம்யா வந்தாள். பூங்கொடி பொறுக்கி எடுத்தது இரண்டு முறம் தேறியது. ரம்யா ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடி முகர்ந்தாள்.

"அக்கா... தப்பா நெனச்சுக்காதீங்க. பெட்ரோல் பங்க் வாசம் வருதுங்க."

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். பூங்கொடி முந்திக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு வண்டிக்கு ஆயில் மாத்துனாருங்க, கண்ணு. இங்கயே. பழத்து மேல குத்தமில்லீங்க."

ரம்யா களத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூங்கொடியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "இதை நான் எடுக்க முடியாதுங்கக்கா" என்றாள் மெதுவாக. பூங்கொடி தலையாட்டினாள். அவள் அன்றைக்கு என்னைப் பிடித்து நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. வந்தவளுக்குக் காப்பி போட உள்ளே போனாள். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

நல்லவேளையாக, மேல் தோட்டத்தில் இன்னும் பழம் மிச்சம் இருந்தது. ரம்யா போய்ப் பார்த்துவிட்டு, இதே மாதிரி இன்னொரு தரம் பறித்துக் காயவைத்து ஒரு கிலோ அனுப்பச் சொன்னாள். சரியாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்றாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பழம் பறித்தேன். ஆயில் பட்ட சிமெண்டைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினோம். புதிதாக வாங்கிய பலகையைத் தொட எனக்கு அனுமதி இல்லாததால் கையாலேயே கிளறினேன். வண்டி நான்கு நாள் அப்படியே கிடந்து, குப்பனூரிலிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் வந்து முடித்துக் கொடுத்தார். யார் கழற்றியது என்று அவர் கேட்டதற்கு, "யாரோ தெரியாதவங்க" என்றேன்.

இரண்டாவது காப்பி ரம்யாவுக்குப் பிடித்துப்போனது. பை மேல் பூங்கொடியின் பெயர் வந்தது. முதல் பையை அவள் இன்னும் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறாள். அது முதல் வருஷா வருஷம் ரம்யாதான் வாங்குகிறாள்.

இந்த வருஷமும் முதல் பழத்தைக் களத்தில் கொட்டிய அன்று சாயங்காலம் அவளிடமிருந்து வீடியோ கால் வந்தது. பழம் எப்படி, மழை உண்டா, வெயில் எப்படி என்றெல்லாம் கேட்க எவ்வளவோ இருக்கிறது. அவள் எடுத்த எடுப்பில் கேட்டது, "அக்கா, வண்டி எங்க நிக்குதுங்க?"

பூங்கொடி போனைத் திருப்பி, வாசல் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நிற்கிற வண்டியைக் காட்டினாள்.

"சாருங்க?"

"அவரும் கேட்டுக்கு வெளியதான் நிக்கறாருங்க, கண்ணு. காப்பி காயற வரைக்கும் உள்ளாற உடறதில்ல."