ஆமென் வராத முக்கால் மணிநேரம்

இரணியல்,
12–8–1953

கர்த்தருக்குள் பிரியமான மகன் செல்வதாசுக்கு அப்பா நேசையன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மையும் கறவைப் பசுவும் சுகம். அங்கே உன் சுகத்துக்காகவும், நீ சாப்பிடுகிற பட்டணத்து ஓட்டல் சாப்பாட்டுக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

நீ அனுப்பிய தியானப் புத்தகம் கிடைத்தது. நம் மகாராஜா காலத்து அஞ்சலாபீசை இந்தியத் தபாலோடு சேர்த்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அஞ்சலோட்டக்காரனின் மணிச்சத்தத்துக்கு எழுந்தவன். மணி நின்ற பிறகும் காது அதையே தேடுகிறது. இப்படியே போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார். ஆகவே காலை ஆறு மணிக்கு வராந்தாவில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். சொன்னால் நம்பமாட்டாய். மனம் அடங்கப் பன்னிரண்டு வருஷம் ஆகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு மூன்றாம் நாளே அடங்கிவிட்டது. பத்து மூச்சு எண்ணுவேன், அதன்பின் ஒரு நினைப்பு கிடையாது, முக்கால் மணிநேரம் போன வழி தெரியாது. படபடப்பும் குறைந்திருக்கிறது. கண் திறக்கும்போது தோளில் கிடக்கும் துண்டு மட்டும் கொஞ்சம் நனைந்திருக்கும். அது தியானத்தில் எத்தனையாவது படி என்று விசாரித்து எழுது.

சங்கடம் வேறிடத்தில். நம் ஊரில் ஒருவன் கண்ணை மூடினால் ஜெபம் என்றுதான் அர்த்தம், ஆமென் வரும்வரை யாரும் அசையமாட்டார்கள். புத்தகத்தில் ஆமென் இல்லை, ஆகவே நானும் சொல்வதில்லை. முதல் நாள் இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஞானம் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றாள், நான் கண்ணைத் திறக்கும்போது பூனை பாதிச் சாளையை முடித்திருந்தது. மறுநாள் தபால்காரர், தொப்பியைக் கையில் பிடித்தபடி. போன வாரம் நம் பசு அடுத்த வீட்டு ஏசுஅடிமையின் மரச்சீனிக் கிழங்குச் செடியை மேய்ந்துவிட்டது. எட்டு வருஷமாக நம்மிடம் நல்ல வார்த்தை பேசாத மனுஷன் கம்போடு வந்தாராம். நான் கண்ணைத் திறக்கும்போது முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பசுவைக் கட்டிப்போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் எழுந்துபோய்ப் பசுவைக் கட்டினேன். தியானம் கோபத்தைத் தணிக்கும் என்பது உண்மைதான் மகனே, செய்யாதவனுக்கும் தணிகிறது.

சனிக்கிழமை போதகர் ஐயாவே வந்து முக்கால் மணிநேரமும் நின்றார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் என் ஜெபவாழ்க்கையைப் பாராட்டிவிட்டார். அதுதான் என்னைக் குத்துகிறது. நான் ஜெபிக்கவில்லை, மூச்சு எண்ணினேன் என்று வருகிற வாரம் சபையில் எழுந்து சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். உன் அம்மையிடம் சொன்னேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் கோபப்பட்டாள். "ஒண்ணும் சொல்லாண்டாம், பேசாம இரிங்க" என்கிறாள். காரணம் சொல்லவில்லை. சபையில் சொன்னால் அப்புறம் நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. இந்த முக்கால் மணிநேரம்தான் இப்போது எனக்கு இருப்பது. சொல்லட்டுமா, வேண்டாமா? நீ எழுதுகிறபடி செய்கிறேன்.

உறங்காமல் நம்மைக் காக்கிற தேவன் உன்னோடு இருப்பாராக.

அன்புள்ள அப்பா,
நேசையன்

பின்குறிப்பு: மக்களே செல்வதாசு, இது அம்மை எழுதுகேன். கவரை ஒட்டித் தபாலில போடச் சொன்னாரு, நான் ஒட்டல்ல. அப்பா தியானம் ஒண்ணும் செய்யல்ல, உறங்குகாரு. பத்து மூச்சு எண்ணி முடிக்கியதுக்குள்ள கொறட்டை வந்திரும். முதல் ரெண்டு நாளுதான் எல்லாரும் ஜெபம்னு நெனச்சி நின்னாவ. மூணாம் நாளுல இருந்து தெருவுக்கே தெரியும். ஞானம் இப்ப நம்ம வாசல்ல மீனுன்னு கூவுகதில்ல. தபால்காரரு சைக்கிளை ஒழுங்கை முக்குலேயே நிறுத்திட்டு நடந்து வாறாரு. பசு கத்தினா இவரு முழிச்சிருவாருன்னு ஏசுஅடிமைதான் விடிஞ்சதும் அதை அவுத்து அவரு வெளையில மேய்க்கக் கொண்டு போறாரு. போதகர் ஐயாவுக்கும் தெரியும். ரெண்டு வருஷமா உறங்காத மனுஷன். நீ பதில் எழுதும்போ தியானம்னே எழுது.