விசாரணை அதிகாரி பாடிய பாட்டு

“பாடு” என்றார் டிப்போ மேனேஜர்.

டைம்கீப்பர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். “இங்கேயா சார்?”

“பின்னே, மேடை போட்டுத் தரணுமா? என்ன பாட்டுன்னே தெரியாம நான் எப்படி நடவடிக்கை எடுக்கிறது? கதவைச் சாத்திட்டுப் பாடுய்யா.”

பதினேழு வருஷமாக பஸ் நிலையத்தின் மைக்கில், எந்த பஸ் எப்போது புறப்படும் என்று சொல்லிவருபவர் அவர். முகம் தெரியாதவர்களுக்குக்கூடக் குரல் தெரியும். அந்தக் குரலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு ஆரம்பித்தார்:

“வண்டி வருது வண்டி வருது ஓரம் போயிடு – அது
நிக்கும்போது நிக்கும், நீயும் வேண்டிக் கொண்டிடு!
பிரேக்கு லைனிங் தேஞ்சு போயி வருஷம் மூணாச்சு – அதைப்
பேப்பரிலே எழுதி எழுதிப் பேனா வீணாச்சு!

பெரியவரு காருக்குத்தான் புத்தம்புது டயரு – நம்ம
பஸ்ஸு கதவை இழுத்துக் கட்டச் சணல் கயிறு!”

மேனேஜரின் பேனா மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டைம்கீப்பர் பார்ப்பதைக் கண்டதும் நின்றுவிட்டது.

“ஜனங்க எந்த இடத்துல சிரிக்கிறாங்க?”

“கயிறுலதான் சார்.”

“வீணாச்சுல?”

“அங்க சிரிக்கல. ஆனா அதைத்தான் சத்தமாப் பாடுறாங்க.”

மேனேஜரின் முகம் சிவந்தது. கோபம் என்று டைம்கீப்பர் எடுத்துக்கொண்டார்.

“தலைமை ஆபீஸ்ல இருந்து போன் மேல போன். எழுதினவனை ஒரு வாரத்துல பிடிக்கணுமாம். பிடிக்கலேன்னா விசாரணை அதிகாரியை மலைக்கிளைக்கு மாத்தச் சொல்லி சேர்மன் உத்தரவு.”

“ஐயோ பாவம். யாரு சார் விசாரணை அதிகாரி?”

“நீதான்.”

மலைக்கிளை என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மைக், ஒரே ஒரு பஸ். மைக் வேலை செய்யாது. டைம்கீப்பருக்கு வீட்டில் ஐந்து மாத இரட்டைக் குழந்தைகள். மனைவி இதே ஊர்ப் பள்ளியில் டீச்சர். மலைக்குப் போனால் வாரத்துக்கு ஒருநாள்தான் குழந்தைகளைப் பார்க்க முடியும். அதற்கும் வளைந்து வளைந்து இறங்கும் சாலையில், பாட்டில் வரும் அதே பிரேக்கை நம்பித்தான் வரவேண்டும்.

அன்றே விசாரணை தொடங்கியது. முதலில் கண்டக்டர்கள்.

“இந்தப் பாட்டு யார் எழுதினதுன்னு தெரியுமா?”

“எந்தப் பாட்டு சார்?”

எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டுமானால் பாடித்தான் ஆகவேண்டும். பாடினார். ஒர்க்‌ஷாப்பில் பாதிப்பேர் அதுவரை அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. “சத்தத்துல சரியா காதுல விழல, இன்னொரு தடவை” என்றார்கள். இரண்டாவது தடவை ஒரு மெக்கானிக் ஸ்பேனரால் காலி எண்ணெய் டிரம்மில் தாளம் போட்டார். மூன்றாவது தடவை எல்லோருமே சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலம் அவர் தயாரித்த குறிப்பு இப்படி இருந்தது: ‘விசாரணைக்கு முன் பாட்டை அறிந்திருந்தவர்கள்: சிலர். விசாரணைக்குப் பின்: அனைவரும்.’

மறுநாள் தடை போட்டுப் பார்த்தார். ‘அந்தப் பாட்டைப் பாடக்கூடாது’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பத்து நிமிஷத்தில் ஒரு கண்டக்டர் வந்து நின்றார்.

“எந்தப் பாட்டுன்னு போடலையே சார். எனக்கு நூறு பாட்டு தெரியும். எதைப் பாடாம இருக்கிறது?”

நியாயமான கேள்வி. டைம்கீப்பர் பாட்டை முழுக்க டைப் அடித்து, கீழே ‘மேற்கண்டதைப் பாடக்கூடாது’ என்று போட்டு ஒட்டினார். மதியத்துக்குள் பயணிகள் வரிசையில் நின்று அதை போனில் படம் எடுத்தார்கள். சொல் மறந்து போனவர்கள் பலகைக்கு வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பாடினார்கள்.

மேனேஜர் வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

“‘ஓரம் நின்னுடு’ன்னு போட்டிருக்கே. ‘ஓரம் போயிடு’ய்யா!” பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார். “ஆபீஸ் ஆவணத்துல தப்பு வரலாமா?”

மூன்றாம் நாள் பாட்டுச் சத்தம் சுத்தமாக நின்றது. டைம்கீப்பர் நிம்மதியாக ஒரு டீ சொன்னார். டீ வருவதற்குள் ஒன்பதாம் நம்பர் பஸ் உள்ளே நுழைந்தது. ஹாரன் ‘வண்டி வருது வண்டி வருது’ என்று முழங்கியது. பதினான்காம் நம்பர் ஹாரன் ‘ஓரம் போயிடு’ என்றது.

டிரைவரை இறக்கி நிறுத்தினார். “என்னய்யா இது?”

“நான் பாடவே இல்லையே சார். பிரேக்குதான் இல்ல. ஹாரனும் அடிக்கக்கூடாதுன்னா எப்படி?”

டைம்கீப்பர் போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். ஹாரனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே ராகம். மனைவி ஒரு குழந்தையைத் தோளிலும் இன்னொன்றை மடியிலும் போட்டுக்கொண்டு, ‘வருஷம் மூணாச்சு’ என்று இழுத்து இழுத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தாள்.

“என் வேலைக்கு வேட்டு வைக்கிற பாட்டும்மா அது! நிறுத்து!”

நிறுத்தினாள். இரண்டு குழந்தைகளும் ஒரே சமயத்தில் வீரிட்டன. கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தார், தூக்கிக்கொண்டு நடந்தார், குட்டிக்கரணம் ஒன்றுதான் போடவில்லை. கடைசியில் தலையெழுத்தே என்று அவரே, “பேப்பரிலே எழுதி எழுதி” என்று ஆரம்பித்தார். குழந்தைகள் கப்சிப். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு வக்கீலின் குரல் வந்தது: “பேனா வீணாச்சு!”

“நல்ல பாட்டுங்க” என்றாள் மனைவி, தூங்கிய குழந்தைகளைப் படுக்கவைத்துக்கொண்டே. “பொய்யே இல்லாத பாட்டு. குழந்தைக்குக்கூடத் தெரியுது பாருங்க.”

முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும் என்று ஐந்தாம் நாள் தோன்றியது. அதே மெட்டில் டிப்போவைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதினார். ‘வண்டி வருது வண்டி வருது வாழ்த்துச் சொல்லிடு, அது சொன்ன நேரம் தவறாம வந்து நின்னுடும்.’ கீபோர்டு வைத்திருக்கும் மைத்துனனைப் பிடித்துப் பின்னணி இசையோடு பதிவு செய்து, ஒலிபெருக்கியில் போட்டார். பாவம், பயணிகள் அதுவரை வெறும் வாயில்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களுக்கு இசைக்குழுவும் கிடைத்துவிட்டது. ‘சொன்ன நேரம்’ என்ற இடத்தில், நாற்பது நிமிஷமாக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டார்.

டைம்கீப்பர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு முதலில் பொறாமையாக இருந்தது. பதினேழு வருஷமாக மைக்கும் மின்சாரமும் வைத்துக்கொண்டு, ‘சிறிது நேரத்தில் புறப்படும்’ என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்! ஒருவராவது நம்பியதுண்டா? இந்தப் பாட்டுக்கு மைக் இல்லை, உத்தரவு இல்லை, முத்திரை இல்லை. ஆறே வரி. ஊரே நம்புகிறது. ஏனென்றால் உண்மை. எழுதியவன் கையில் கிடைத்தால் பிடித்துக் கொடுப்பதா, காலில் விழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பெரிய ஆள் என்று மட்டும் தெரிந்தது.

ஏழாம் நாள் சேர்மனே நேரில் வந்துவிட்டார். புத்தம்புது டயர் போட்ட காரை ஒன்பதாம் நம்பர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு, மைக் அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு.

“கண்டுபிடிச்சாச்சா?”

“இன்னும் இல்லைங்க ஐயா.”

“சரி. மூட்டையைக் கட்டிக்க.” சேர்மன் நாற்காலியில் சாய்ந்தார். “அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்தப் பாட்டை நான் இன்னும் முழுசாக் கேட்டதில்ல. நான் போற இடமெல்லாம் டக்குன்னு நிறுத்திடுறாங்க. நீ பாடு.”

டைம்கீப்பர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஆர்வமாகத் தலையாட்டினார்.

போகிறதுதான் போகிறோம், ஒருதடவை ஒழுங்காகப் பாடிவிட்டுப் போவோம் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் குழந்தைகளுக்குப் பாடுவதுபோல அனுபவித்துப் பாடினார். ‘மூணாச்சு’க்கு வரும்போது அறை அதிர்ந்தது. அவர் குரல் மட்டும் அல்ல. சற்று முன் ஒன்பதாம் நம்பரை அறிவித்த மைக்கை, சேர்மன் வந்த பரபரப்பில் யாரும் அணைக்கவில்லை. பஸ் நிலையத்தில் இருந்த முந்நூறு பேரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

‘சணல் கயிறு’ முடிந்த அதே நொடியில் ஒன்பதாம் நம்பர் உள்ளே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் நிற்கவில்லை. நிதானமாக, மரியாதையாக உருண்டுபோய், சேர்மன் காரின் பின்பக்கத்தைத் தொட்டு, ஒரு சாண் அளவுக்கு நசுக்கிவிட்டு நின்றது.

யாருக்கும் காயம் இல்லை. ஆனால் முந்நூறு பேரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதி பாட்டைவிடப் பயங்கரமாக இருந்தது. எல்லோரும் சேர்மனையே பார்த்தார்கள்.

சேர்மன் சும்மா சேர்மன் ஆனவர் இல்லை. காரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மைக்கைக் கையில் எடுத்தார்.

“பொதுமக்களே! உங்க குறை வெளியில வரணும்னுதான் இந்தப் பாட்டை நானே எழுதச் சொன்னேன்! புது லைனிங் அடுத்த வாரம் எல்லா வண்டிக்கும் வருது!”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சேர்மன் டைம்கீப்பரின் முதுகில் தட்டினார். “மலைக்கெல்லாம் போகவேணாம். ஃபைலை மூடிடு.” கூட்டம் ஒன்பதாம் நம்பரில் போகச் சொன்னதற்கு மட்டும் மறுத்துவிட்டு, வாடகைக் காரில் புறப்பட்டுப் போனார்.

டைம்கீப்பருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாற்றல் இல்லை, லைனிங் வருகிறது, ராத்திரி குழந்தைகளுக்குத் தைரியமாகப் பாடலாம். அவசர அவசரமாக அறிக்கையை எழுதி முடித்தார். ‘மேற்படி பாட்டு, சேர்மன் அவர்களின் ஆலோசனைப்படி எழுதப்பட்டது.’ அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார்.

மேனேஜர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அறிக்கையைப் படித்தார். கையெழுத்துப் போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது.

“அவரு எழுதச் சொன்னாராமா? மூணு வருஷமா இருபத்திரெண்டு கடுதாசி போட்டேன், ‘கிடைத்தது’ன்னு ஒரு வரி பதில் எழுதத் தெரியல. அவரு பாட்டு எழுதச் சொல்லுவாரு!”

“போகட்டும் சார், லைனிங் வருதே.”

“வருது, வருது. நீ போய்யா.”

டைம்கீப்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில், டிப்போ அறைகளைப் பெருக்கும் அம்மா குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஏழு நாள் விசாரணையில் டிரைவர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரையும் கேட்டவர், அந்த அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. நம்ம மேனேஜர் மட்டும் ஏம்மா இழவு வீட்டுல உக்காந்தமாதிரி உக்காந்திருக்காரு?”

“வருத்தம் இருக்காதா தம்பி? மூணு நாளு காகிதத்தைக் கசக்கிக் கசக்கிப் போட்டு அவரு எழுதின பாட்டு; ‘மூணாச்சு’க்கு அப்புறம் வார்த்தை வராம முழிச்சப்போ ‘வீணாச்சு’ன்னு எடுத்துக் குடுத்த நானே வாயத் தொறக்காம இருக்கேன், அந்த ஆளு வந்து தன்னோடதுங்கிறான்!”