வாடாத புல்லுக்கு வைத்தியம் பார்ப்பவர்

வேலை செய்யப் பிடிக்காதவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களை விட்டுவிடுவோம், நாமும் அந்தக் கட்சிதானே. ஆனால், இனிமேல் வேலையே இருக்கக்கூடாது என்று ஒரு பொருளை வாங்கிவிட்டு, அப்புறம் ஆயுள் முழுக்க அந்தப் பொருளுக்கே ஊழியம் செய்கிற ஒரு ரகம் இருக்கிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. எங்கள் அரிசோனாப் பாலைவனப் பக்கத்துக் கொல்லைகளில் இந்த ரகம் கொழுத்து வளர்கிறது. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பிளாஸ்டிக் புல்லின்மேல் மண்டி போட்டுக்கொண்டு, புல்லைத் தலைமுடி மாதிரி வாரிக்கொண்டிருப்பார்.

நார்பர்ட் இந்த ரகத்தில் முதல் தரம். நிஜப் புல்லுக்குத் தண்ணீர் விட்டு, வெட்டி, உரம் போட்டு அலுத்துப்போய், "இனிமே ஞாயித்துக்கிழமைன்னா சாய்வு நாற்காலிதான்" என்று மனைவி லோரெட்டாவிடம் சபதம் செய்து, கொல்லை முழுக்கப் பிளாஸ்டிக் புல்பாய் விரித்தார். விரித்தது யார்? அவரேதான். ஆள் வைத்துச் செய்வதெல்லாம் கோழைகளின் வேலை. அன்றிலிருந்து சாய்வு நாற்காலியில் உட்கார்வது நாய் மட்டும். இவரோ, படுத்துப்போன புல்லை வாரி நிமிர்த்துகிறார், வேக்குவம் கிளீனர் போடுகிறார், விரிசல் விட்ட இணைப்புக்குப் பசை தடவுகிறார், நாய் காலைத் தூக்கிய இடத்தில் வினிகர் ஊற்றி முகர்ந்து பார்க்கிறார், வெயிலில் இளகிய இடத்தை வெட்டியெடுத்து ஒட்டுப் போடுகிறார். உழவன்கூட அறுவடைக்குப் பிறகு கொஞ்சம் காலை நீட்டுவான். இவருக்கு அறுவடையும் கிடையாது.

இத்தனை செய்தும் ஒரு வியாதி மட்டும் தீரவில்லை. தண்ணீர் வடியவில்லை. எங்கே கால் வைத்தாலும் பச்சக், பச்சக். போதாக்குறைக்கு நாற்றம்.

அடுத்த வீட்டு ரமிரோ, சரளைக்கல்லும் கள்ளிச்செடியும் வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்கிறவர், சுவருக்கு மேலே தலையை நீட்டுவார்.

"ஏம்ப்பா நார்பர்ட், கிறிஸ்துமஸுக்கப்புறம் ஒரு சொட்டு மழை கெடையாது. தண்ணி எங்கேர்ந்துய்யா வருது?"

"சரிவு, ரமிரோ! அடித்தளத்தோட சரிவு! உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரிவு தண்ணி ஊத்துமா?"

நார்பர்ட் காதில் விழாதது மாதிரி வாரத் தொடங்கிவிடுவார். இந்த ரகத்தாரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு, சரியான கேள்வியைத் தவிர.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் மகள் டெலேனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மண்டபம் வேண்டாம், அப்பா போட்ட புல்லில்தான் வெறுங்காலோடு நின்று மோதிரம் மாற்றுவேன் என்றாள் அந்தப் பெண். நார்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையால் விரித்த புல்லில் மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும், அதுதான் அந்த மனிதருடைய ஒரே ஆசை. கேலி செய்கிற நமக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

லோரெட்டாவுக்கு இல்லை. "இங்க பாரு நார்ப், சனிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை நான் மிதிச்சுப் பார்ப்பேன். பச்சக்குன்னு கேட்டுச்சோ, கல்யாணம் ரமிரோ வீட்டுல. அவர்கிட்ட பேசியாச்சு."

"கள்ளிச்செடி முன்னாடியா என் பொண்ணு மோதிரம் மாத்தணும்?"

"கள்ளிச்செடி நாறாது."

அவ்வளவுதான், மனிதர் களத்தில் இறங்கிவிட்டார். பாயின் ஓரத்தைச் சுருட்டினார், தரையைத் துளைத்தார், துளைக்குள் ஜல்லி போட்டார், மறுபடி விரித்தார், ஒட்டினார், வாரினார். சீக்கிரம் காயட்டும் என்று லோரெட்டாவின் தலைமுடி உலர்த்தியைப் பிடித்ததில் ஒரு பக்கத்துப் புல் சுருட்டை முடியாகிவிட்டது. அதன்மேல் ஒரு பூந்தொட்டி வைத்தார். மூலையில் இணைப்பைப் பிளந்துகொண்டு நிஜப் புல் கட்டில் அகலத்துக்கு மண்டியிருந்தது. களை! இழுத்து இழுத்துப் பார்த்தார். வந்தால்தானே? கடைசியில் அதையும் மற்றதோடு சேர்த்து வாரிவிட்டார்.

வியாழக்கிழமை விடியற்காலையில் காபிக் கோப்பையோடு வெளியே வந்த டெலேனி அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, உன் புல்லு மூச்சு விடுது."

"என்ன உளர்றே?"

"குனிஞ்சு கேளு."

குனிந்தார். அடியிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். நார்பர்ட்டுக்குப் பழக்கமான சத்தம். கராஜுக்கு ஓடினார். சுவரில், புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற பழைய ஸ்பிரிங்க்ளரின் டைமர் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. நிஜப் புல் செத்து, மண் மூடி, பிளாஸ்டிக் விரித்த பிறகும், புதைந்துபோன குழாய்களுக்கு அது தினம் விடியலில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. யாராவது நிறுத்தியிருக்கக் கூடாதா? எப்படி நிறுத்துவார்கள்? "அதை யாரும் தொடாதீங்க, நான் செட் பண்ணது" என்பது அந்த வீட்டுச் சட்டம்.

பின்னாலேயே வந்த லோரெட்டா இடுப்பில் கையை வைத்தாள். "ஆக, பிளாஸ்டிக்குக்குத் தண்ணி ஊத்திட்டு, தண்ணி பில் ஏறினதுக்கு நான் ரொம்ப நேரம் குளிக்கிறதுதான் காரணம்னா சொல்லிட்டுத் திரிஞ்சே?"

நார்பர்ட் டைமரை அணைத்தார். "சரிவும் ஒரு காரணம்தான்."

"சனிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். உனக்கில்ல, வெயிலுக்கு."

எங்கள் ஊர் வெயில் யாரையும் கைவிட்டதில்லை. சனிக்கிழமை கொல்லை அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. நார்பர்ட் நெஞ்சை நிமிர்த்தி, மகளின் கையைப் பிடித்து, முதல் அடி வைத்தார்.

"ஐயோ! சுடுதுப்பா!"

காய்ந்த பிளாஸ்டிக், நடுப்பகல், வெறுங்கால். மணப்பெண் பாவாடையைத் தூக்கிக்கொண்டு தவ்வித் தவ்வி ஓடி, மூலையிலிருந்த நிஜப் புல்லில் போய் நின்று, "அப்பாடா!" என்றாள். மாப்பிள்ளை பின்னால் ஓடினான், பாதிரியார் அவன் பின்னால் ஓடினார், விருந்தாளிகள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கல்யாணம் அங்கேயே நடந்தது.

முடிந்ததும் பாதிரியார் காலடியைப் பார்த்து வியந்தார். "மத்ததெல்லாம் பார்த்ததுமே பிளாஸ்டிக்னு தெரியுது சார். இந்த மூலை மட்டும் அச்சு அசல் புல்லு! யார் போட்டது?"

ரமிரோ வாயைத் திறந்தார். நார்பர்ட் முந்திக்கொண்டார்.

"நானேதான். எல்லாம் கைவேலை."

மறுநாள் விடியலில், வீடு தூங்குகையில், அவர் கராஜுக்குப் போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அந்த மூலைக்கு மட்டும் டைமரைப் போட்டுவிட்டார்.

சிரித்தது போதும். உங்கள் வீட்டில் எது, எந்த மூலையில் பச்சக் என்கிறது? "யாரும் தொடாதீங்க, நான் செட் பண்ணது" என்று நீங்கள் சொல்லி வைத்திருக்கிற ஏதாவது ஒன்று இருக்குமே, ஒரு நடை போய் அதைப் பார்த்துவிட்டு வாருங்களேன். வேண்டாமா? உங்கள் வீட்டில் காரணம் வேறா?

சரிவுதானா? சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.