டினுவாருக்குத் தெரிந்த தமிழ்

தனக்கே அரைகுறையாகத் தெரிந்த மொழியை ஒருவன் நாய்க்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

மொரீஷியஸுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு, சுயாக் என்ற ஊரில் ஒரு கரும்புத் தோட்ட அலுவலகத்தில் நான் குமாஸ்தா. வீட்டில் எல்லோரும் கிரியோல்தான் பேசுவோம். தமிழெல்லாம் கோயிலில், சாமியோடு மட்டும். வள்ளியம்மாவின் அப்பா அப்பாசாமியோ, "தமிழ் பேசுற பையனுக்குத்தான் பொண்ணு" என்று அறிவித்திருந்தார். வள்ளியம்மாவைக் கோயிலில் நாலு தடவை பார்த்திருந்தேன். (சரி, பதினாலு.) மறுநாளே கோயிலின் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

படித்ததைப் பேசிப் பார்க்க வீட்டில் ஆளில்லை. எங்கள் கறுப்பு நாய் டினுவார்தான் இருந்தது. ஒரு பொருளை அதன் முன்னால் வைத்து, பெயரைச் சொல்லி, மூக்கால் தொட்டால் பிஸ்கட் கொடுப்பேன். பிறகு இரண்டு பொருள்களை வைத்து ஒன்றைக் கேட்பேன். கடைசியில் பொருளை வேறு அறையில் ஒளித்துவைத்துப் பெயரை மட்டும் சொல்வேன். மூன்று மாதத்தில் குடை, தொப்பி, பந்து எல்லாவற்றையும் தேடி எடுத்துவந்தது. என்னைவிட நல்ல மாணவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாசாமி குடும்பத்தோடு எங்கள் வீடு பார்க்க வந்தார். வள்ளியம்மாவும் வந்திருந்தாள். நாயின் தமிழைப் பற்றிச் சொன்னேன்.

"குடை" என்றார் அவர், நம்பாமல். குடை வந்தது. "தொப்பி" என்றார். தொப்பியும் வந்தது.

"நாய்க்கே இவ்வளவு சொல்லிக்குடுத்திருக்கீங்களே தம்பி" என்று உருகிப்போனார். கல்யாணம் முடிந்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

வாழையிலை போட்டு, ஏழு கறியோடு சாப்பாடு. நானே பரிமாறினேன். அப்பாசாமி சோற்றில் குழி செய்துகொண்டு, "தம்பி, கொஞ்சம் பருப்பு" என்றார்.

டினுவார் வாசலுக்கு ஓடியது. அவருடைய தோல் செருப்பில் ஒன்றைக் கவ்விவந்து, சோற்றுக் குழியில் வைத்துவிட்டு, பிஸ்கட்டுக்காக உட்கார்ந்தது.

அம்மா கிரியோலில் கடவுளைக் கூப்பிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கேட்டதைத்தானே அது கொண்டுவந்திருக்கிறது?

"நான் பருப்பு கேட்டேன்" என்றார் அவர், மெதுவாக.

டினுவார் போய் இன்னொரு செருப்பையும் கொண்டுவந்தது.

பசியோடிருக்கிறவரை நாய் தொந்தரவு செய்கிறது என்ற அளவுக்கு எனக்குப் புரிந்தது. இருந்த தமிழையெல்லாம் திரட்டிப் பணிவாகச் சொன்னேன்: "மன்னிக்கணும் மாமா. இலையை மாத்துறேன். உங்களுக்குச் சூடா செருப்பு போடுறேன். வேணுங்கிற அளவு போடுறேன்."

அவர் எழுந்துவிட்டார். முகம் சிவந்து, எச்சில் கையோடு நின்றார். சோற்றிலிருந்த செருப்பை எடுப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது வள்ளியம்மா சிரித்தாள். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு, "உங்க நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. நோட்டைக் கொடுத்தேன். அடுத்தடுத்த வரிகளில் இருந்த இரண்டு சொற்களுக்கும் அர்த்தத்தை நான் மாற்றி எழுதியிருந்தேன்: செருப்பு என்றால் சாப்பிடுவது, பருப்பு என்றால் காலில் போடுவது.

"அப்பா, இவர் மரியாதையாத்தான் பேசியிருக்கார்" என்று நோட்டை நீட்டினாள்.

அவர் படித்தார். மீசை துடித்தது. கழுவிய ஈரச் செருப்போடு புறப்பட்டுப் போனார். நான் இரண்டு வாரம் கோயில் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம் சம்மதம் என்று ஆள் வந்தது. (நாயிடம் மூன்று மாதம் பொறுமையாக இருந்தவன் தன்னிடமும் இருப்பான் என்று வள்ளியம்மா சொன்னாளாம். நாய்க்குப் பிஸ்கட் கொடுத்ததை அவள் கணக்கில் எடுக்கவில்லை.)

நான் திருந்தினேன்; டினுவார் திருந்தவில்லை. கற்றது கற்றதுதான். அது இருந்த பத்து வருடமும் எங்கள் வீட்டில் யாரும் தமிழில் பருப்பு கேட்கவில்லை. மாமா மட்டும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் செருப்பை அலமாரி மேல் ஏற்றிவைத்துவிட்டு வருவார். இலைமுன் அமர்ந்து, நாயைப் பார்த்துவிட்டு, என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்பார்: "மாப்பிள்ளை, சூடா கொஞ்சம் செருப்பு போடுங்க."