அறுபத்திரண்டு சதவீதம்

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த ஒரே உருப்படியான காரியம், எங்கள் சோப்புத் திரவ ஆலையைத் தானியங்கி ஆக்கியதுதான். ஆக்கியவன் நான். தன்னடக்கம் தடுப்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.

அதற்கு முன் பெரிய தொட்டியைக் கவனித்துக்கொண்டவர் என் மனைவியின் அண்ணன். இருபது வருடமாக ஏணியில் ஏறுவார், தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார், இறங்கி வால்வை மூடுவார். எவ்வளவு "அறிவியலுக்குப் புறம்பான" முறை! தொடக்க விழா நல்லபடியாக முடிந்தால், கணினித் திரையைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்குத் தருவதாக நிர்வாகம் வாக்களித்திருந்தது. கோளாறு என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

விழா அன்று காலை, திரவ மட்டத்தை அளக்கும் சென்சார் நுரையைக் கண்டு குழம்பிப்போனது. ஒரு நிமிடம் பத்து சதவீதம் என்றது, மறு நிமிடம் தொண்ணூறு. திரை முழுக்கச் சிவப்பு. சேர்மனோ வாசலில் காரிலிருந்து இறங்கிவிட்டார். சென்சார் பேச்சைக் கேட்காதே என்று புரோகிராமுக்கு உத்தரவிட்டு, வாய்க்கு வந்த எண்ணை நானே அடித்து வைத்தேன்: 62. எங்கள் தொழிலில் இதற்குத் "தற்காலிக ஏற்பாடு" என்று பெயர். திரை பச்சைப்பசேலென்று ஆனது.

சேர்மன் பொத்தானை அழுத்தினார். பம்பு ஓடியது. அறுபத்திரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். தொட்டி வழிந்தது. அறுபத்திரண்டு. நுரை முழங்காலைத் தொட்டபோதும் சேர்மன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மச்சான்தான் பொறுக்கமாட்டாமல் வழுக்கி விழுந்து, எழுந்து ஓடி, வால்வைக் கையால் மூடித் தொலைத்தார்.

விசாரணைக் குழு மூன்று முறை கூடியது. என்னிடம் ஒரே கேள்வி: திரை என்ன காட்டியது? அறுபத்திரண்டு என்று "உண்மையை" சொன்னேன். தானியங்கி அமைப்பில் அத்துமீறிக் கை வைத்த குற்றத்துக்காக மச்சானை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நாங்கள் இருப்பது ஒரே வீடு. அவர் மாடியில், நாங்கள் கீழே. சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அறுபத்திரண்டு நம்ம வீட்டு நம்பர்தானே, மாப்ளே?"

"குழுகிட்ட சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொன்னா உங்க வேலை போயிருக்கும். அப்புறம் தங்கச்சி முகத்துல எப்படி முழிக்கிறது?"

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சென்சார் இன்றும் நுரையைக் கண்டால் குழம்புகிறது. திரை இன்றும் அறுபத்திரண்டே காட்டுகிறது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நான் ஏணியில் ஏறுகிறேன், தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிறேன், இறங்கி வால்வை மூடுகிறேன். அண்ணன் வேலையை இயந்திரம் பிடுங்கிக்கொண்டது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.